மைனஸ் ஏழு வோல்ட்

மாலை ஆறு மணிக்குக் கொலோனியாவில்
கூரைமேல் நிற்கும் கம்பிகள் அத்தனையும்
ஒரே திசை பார்க்கும்:
ஆற்றுக்கு அக்கரை, ப்யூனஸ் அயர்ஸ்.
நடுவே ஐம்பது கிலோமீட்டர் பழுப்புத் தண்ணீர்.
எங்கள் தலைநகர் எங்களுக்கு எட்டாது,
அடுத்த நாட்டுத் தலைநகர்தான்
வந்து சோபாவின் எதிரே உட்காரும்.

எலாதியோ ரொஸ்தான் வீட்டுப் பெட்டியில்
முகங்கள் கரி பூசிக்கொண்டிருந்தன.
கதவு நிலைகள் இடுப்பொடிந்து வளைந்தன.
ஸ்பீக்கருக்குள் குளவிக் கூடு.
"கிட்ட வந்து கத்துகிறார்கள், நெல்தா" என்றார்,
"எட்டரைக்குள் சரியாகுமா?"

பழுது பட்டாணி அளவு.
கட்டுப்பாட்டுக் கோட்டில் ஒரு கபாசிட்டர் கசிந்து
இழுத்துப் பிடிக்க வேண்டிய மின்னழுத்தம்
மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது.
கடிவாளம் அறுந்த வால்வுகள்
வந்ததையெல்லாம் வாரிப் பெருக்கின.

சால்டர் வைத்தபடி சொன்னேன்.
கேட்காமலே சொல்வது என் கெட்ட பழக்கம்.
அலை வலுத்தால் இது அமுக்கும்,
இளைத்தால் விட்டுக்கொடுக்கும்.
படத்தைப் பார்த்து முடிவெடுக்காது.
இருண்ட காட்சி ஏமாற்றும், வெளுத்த காட்சி ஏமாற்றும்.
ஒவ்வொரு வரி முடிகிற இடத்திலும்
திரைக்கு வெளியே, யாரும் பார்க்காத ஓரத்தில்
ஒரு துடிப்பு வரும்.
கல்யாணமோ கொலையோ, அங்கே அது ஒரே உயரம்.
அப்போது மட்டும் திறந்து, அளந்து, மூடிக்கொள்ளும்,
நொடிக்குப் பதினையாயிரத்துச் சொச்சம் தடவை.

"அப்படியானால்
கிட்ட இருப்பதும் எட்ட இருப்பதும்
ஒன்றாகவா தெரியும்?"

அதற்குத்தான் வைத்திருக்கிறார்கள் என்றேன்.

எட்டு நாற்பதுக்கு ஸுல்மா வந்தாள்.
குளிர்பெட்டிக் கதவைத் திறந்தாள்,
முட்டைத் தட்டைத் தொட்டுக் காட்டினாள்,
மூடினாள், சிரித்தாள்.
முப்பது நொடி.
பதினோரு மாதம் முன்பு
இதே வீட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் படகேறியவள்.
கறுப்பு கறுப்பாக, வெள்ளை வெள்ளையாக,
என் கபாசிட்டரின் தயவில் கச்சிதமாக இருந்தாள்.

"தினமும் இப்படியேதான் இருக்கிறாள்" என்றார்.
அது குறையா புகாரா தெரியவில்லை.
என்ன தோன்றியதோ,
மீட்டரைக் கோட்டில் மாட்டிப் பெட்டிமேல் வைத்தேன்.
படம் மறைப்பதை முள் சொல்லும்.

ஜனவரிப் புழுக்கத்தில்
குளிர்ந்த நீர்மேல் வெந்த காற்று மூடிபோட்டுக் கிடக்க,
அலை வளைந்து வந்து குவிந்தது: மைனஸ் ஏழு.
தெற்கிலிருந்து பம்ப்பேரோ அடித்து
மூடியைப் பிய்த்தெறிந்த இரவில்: இரண்டு, ஒன்றரை.
ஸுல்மாவின் சிரிப்பில் ஓரிரு பொறி, வேறு மாற்றமில்லை.
ரொட்டிக் கடை வரிசையில் என்னைப் பார்த்தால்
வணக்கம் சொல்லமாட்டார்,
"நேற்று ஏழு" என்பார்.
கடைக்காரி பரிசுச்சீட்டு என்று நினைத்துக்கொண்டாள்.

மார்ச்சில் விளம்பரத்துக்கு வேறு பெண் வந்தாள்.
அதே குளிர்பெட்டி, அதே முட்டைகள்.
அன்றைக்கும் ஏழு.

மீட்டரை வாங்கப் போனபோது நள்ளிரவு தாண்டியிருந்தது.
நிலையம் மூடிவிட்டது.
திரை முழுக்கப் பொரி வெடிக்கும் இரைச்சல்,
முள் பூஜ்யத்தில்.
"தூங்கிவிட்டது" என்றார்.

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டாம்.
ஆனால் தொழில்.
பூஜ்யம் என்றால் முழுசாகத் திறந்திருக்கிறது என்று அர்த்தம்.
எதுவும் வராதபோதுதான்
இருக்கிற காதையெல்லாம் கொடுத்துக் கேட்கும்.
இந்த இரைச்சலில் முக்கால்வாசி வெளியிலிருந்து வருவதில்லை,
முதல் வால்வின் சொந்த மூச்சு அது,
மலையளவு பெருகி.

வெகுநேரம் கழித்துக் கேட்டார்:
"அணைத்துவிட்டால் முள் எங்கே நிற்கும்?"

அப்போதும் பூஜ்யம்தான்.

மாட்டே ஆறிப்போயிருந்தது. குடித்தேன்.
கபாசிட்டர் ஒன்று, கூலி ஒரு மணி நேரம்
என்று எழுதிய பழைய ரசீதை
நான்காய் மடித்துப் பணத்தோடு கொடுத்தார்.
மீட்டரை நான் கேட்கவில்லை.
வேறொன்று வாங்கிக்கொண்டேன்,
முள் கொஞ்சம் ஒட்டும் ரகம்,
தட்டினால் சரியாகிறது.